திவான் சேஷய்ய சாஸ்திரியாரும் நம் புதுக்கோட்டையும்

வரலாறு என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவை வாளும் வேலும், கோட்டையும் கொத்தளமுமே. புதுக்கோட்டையின் வரலாறும் அவ்வாறே பேசப்படுகிறது. தொண்டைமான்கள் இந்நாட்டை நிலைநாட்டிய கதை, கர்நாடகப் போர்களில் அவர்கள் ஆங்கிலேயருக்குத் துணை நின்ற கதை, 1799ஆம் ஆண்டு கட்டபொம்மன் இம்மண்ணில் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட கதை ஆகியவற்றை நம் மாவட்டத்துச் சிறுவனும் அறிவான். ஆனால் போர் ஓய்ந்த பின்னர் இந்நாட்டை ஆண்டது கணக்குப் புத்தகமே. களத்தில் நெல் அளக்கப்பட்டது எப்படி, கண்மாய்க்கு நீர் வந்தது எப்படி, உலையில் இட்ட உப்பு எங்கிருந்து வந்தது என்பனவெல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் எழுதப்பட்டன. அதைப் பதினாறு ஆண்டுகள் தம் கையில் வைத்திருந்தவர் திவான் அமராவதி சேஷய்ய சாஸ்திரியார். அவருடைய வாழ்க்கையைப் புகழுரையாக மட்டும் பாடிவிடாமல், வரவையும் செலவையும் சேர்த்து எழுதிப் பார்க்கவேண்டும் என்பது வரலாறு பயிலும் மாணவனாகிய என் ஆசை. அவரே கணக்கில் கண்டிப்பான மனிதர். ஆகவே இம்முறை அவருக்கும் பொருத்தமானதே என எண்ணுகிறேன்.

இளமையும் கல்வியும்

சாஸ்திரியார் 1828ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து அமராவதி என்னும் சிற்றூரில் எளிய அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே சென்னைக்குச் சென்று உறவினர் ஆதரவில் தங்கிப் படித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1857இல். அதற்கு முன்பே படித்து முடித்த தலைமுறை அவருடையது. அந்நாளில் சென்னையில் உயர்தரக் கல்வி தந்த அரசுப் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர் பவல் துரை. பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது அப்பள்ளியே. திருவாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று சமஸ்தானங்களுக்கும் திவானாக இருந்த மாதவராவும், திருவாங்கூர்த் திவானான இராமையங்காரும் பவலின் மாணாக்கர்களே. 1848ஆம் ஆண்டு சாஸ்திரியார் அப்பள்ளியின் உயர்ந்த தேர்வில் சிறப்புடன் தேறினார். ஒரே ஆசிரியரின் வகுப்பறையிலிருந்து இத்தனை திவான்கள் தோன்றியது தற்செயல் அன்று என்பது என் கருத்து. ஆங்கில அரசு நேரே ஆளாத நாடுகளிலும் அதன் முறைகள் நடைபெறவேண்டுமானால், அம்முறைகளைக் கற்ற இந்தியர்கள் வேண்டியிருந்தார்கள். பவலின் பள்ளி அவர்களை உருவாக்கித் தந்தது.

அதே ஆண்டில் சாஸ்திரியார் வருவாய்த்துறை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். ஆந்திரக் கடற்கரையில் மசூலிப்பட்டினப் பகுதியிலும், பிறகு தஞ்சையிலும் பணியாற்றி, நிலவரியின் நெளிவு சுளிவுகளையெல்லாம் நேரில் கண்டார். இன்ன வயலில் இவ்வளவு விளையும், இன்ன கணக்கர் இவ்வளவு மறைப்பார் என்னும் அறிவு எந்தப் பள்ளியிலும் கிடைப்பதன்று. அவ்வறிவோடு 1872இல் மாதவராவுக்குப் பின் திருவாங்கூரின் திவானானார். அங்கே முதன்முதலாக முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1875இல் நடந்தது அவருடைய காலத்தில்தான். எதையும் எண்ணிப் பார்த்த பிறகே முடிவு செய்யவேண்டும் என்னும் அவர் இயல்புக்கு அது ஒரு சான்று. 1877இல் அப்பதவியை விட்டு விலகினார்.

அன்றைய புதுக்கோட்டை

அடுத்த ஆண்டே அவருக்குப் புதுக்கோட்டையிலிருந்து அழைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பது.

அவர் வந்து சேர்ந்த நாடு எப்படி இருந்தது? 1,178 சதுர மைல் பரப்பு. திருச்சி, தஞ்சை, மதுரை ஆகிய ஆங்கில மாவட்டங்கள் சூழ்ந்திருக்க, நடுவே ஒரு தீவுபோல் கிடந்தது. பழைய நட்பின் காரணமாக இந்நாடு ஆங்கிலேயருக்குக் கப்பம் கட்டவில்லை. 1803இல் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சார்ந்த பகுதியையும் தொண்டைமானுக்கு அளித்தபோது ஆண்டுக்கு ஒரு யானை தரவேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. ஆனால் அந்த யானையை ஆங்கிலேயர் கேட்டு வாங்கியதில்லை. கப்பம் இல்லை என்பதனால் ஆதிக்கமும் இல்லை என்று எண்ணிவிடலாகாது. அண்டை மாவட்டத்துக் கலெக்டரே அரசியல் ஏஜண்டு என்ற பெயரில் இந்நாட்டின் காரியங்களைக் கண்காணித்து வந்தார். யானையைக் கேட்காதவர்கள் கணக்கைக் கேட்டார்கள்.

அக்கணக்கோ சீர்கெட்டுக் கிடந்தது. 1839 முதல் அரியணையில் இருந்த இராமச்சந்திரத் தொண்டைமான் காலத்தில் செலவு வரவை மிஞ்சிக் கடன் பெருகியது. இதற்குத் தண்டனையாக 1859இல் மன்னரின் மேன்மைக்குரிய பட்டத்தையே ஆங்கில அரசு நிறுத்தி வைத்தது. இதற்கிடையே 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் இங்கும் புகுந்தது. 1871இல் 3,16,695ஆக இருந்த மக்கள்தொகை, 1881இல் 3,02,127ஆகக் குறைந்தது. பத்தாண்டுகளில் வளர்ந்திருக்கவேண்டிய தொகை 14,568 குறைந்தது என்றால், எத்தனை அடுப்புகள் அணைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இறந்தவர் போக, பிழைப்புத் தேடி இலங்கையின் தோட்டங்களுக்கும் பிற நாடுகளுக்கும் போனவர்களும் உண்டு. இப்படிப் பொக்கிஷம் வற்றிக் குடிகளும் மெலிந்திருந்த நேரத்தில் சாஸ்திரியார் பொறுப்பேற்றார். அன்று இங்கு முதலமைச்சருக்குச் சர்க்கேல் என்று பெயர். திவான் என்ற பெயர் அவர் காலத்திலேயே வழக்குக்கு வந்தது.

நெல்லின் கணக்கு

சாஸ்திரியார் முதலில் கைவைத்தது அமானி முறையில். இன்றைய மாணவர்களுக்கு இச்சொல் புதிதாக இருக்கலாம். அன்றைய குடியானவனுக்கு அது அன்றாடத் துன்பம். அமானி நிலத்துக்குப் பண வரி கிடையாது. விளைந்த நெல்லில் கிராமச் சுதந்திரங்கள் போக எஞ்சியதை மேல்வாரம், குடிவாரம் எனப் பிரித்து, மேல்வாரத்தை அரசு எடுத்துக்கொள்ளும். விளைந்தால் கொடு, விளையாவிட்டால் கொடுக்கவேண்டாம் என்னும் முறை நியாயமானதாகத்தானே தோன்றுகிறது! ஆனால் நடைமுறை வேறு.

கதிர் முற்றிய நாள்முதல் வயலுக்குக் கங்காணி காவல் வருவான். அரசின் அனுமதியின்றி உழுதவன் தன் வயலில் அரிவாள் வைக்கமுடியாது. அனுமதி தாமதமானால் கதிர் உதிரும். மழை வந்தால் முளைத்துப்போகும். அறுத்துக் களத்தில் சேர்த்த பின்னும் அதிகாரி வந்து அளக்கும்வரை பொலியின்மேல் அரசு முத்திரை இருக்கும். இரவில் திருடுபவன் குடியானவனா காவற்காரனா என்பது யாருக்கும் தெரியாது. பின்னர் அந்நெல் அரசுக் களஞ்சியம் செல்லும். அங்கே எலி தின்றது ஒரு பங்கு. எலியின் பெயரால் மறைந்தது இன்னொரு பங்கு. இதனால் அரசுக்கும் முழுப் பயன் இல்லை, குடிக்கும் பயன் இல்லை, இடையில் நின்றவர்களுக்கே பயன். எரு இட்டு உழைத்து அதிகம் விளைவித்தாலும் அதில் ஒரு பங்கு போய்விடும் என்பதனால், நிலத்தைத் திருத்த உழவனுக்கு ஊக்கமும் பிறக்கவில்லை.

சாஸ்திரியார் பதவியேற்ற சில ஆண்டுகளுக்குள் இம்முறையை ஒழித்தார். முந்தைய ஆண்டுகளின் விளைவையும் விலையையும் சராசரி பார்த்து, ஒவ்வொரு நிலத்துக்கும் இவ்வளவு பணம் எனத் தீர்வை விதித்தார். அதற்குப் பின் குடியானவன் தன் விருப்பப்படி விதைத்தான், தன் விருப்பப்படி அறுத்தான். கங்காணியின் முகத்தை எதிர்பார்த்துக் களத்தில் காத்துக்கிடந்த காலம் முடிந்தது. இந்த ஒரு செயலுக்காகவே அவரைப் புதுக்கோட்டை நினைவில் வைக்கலாம்.

எனினும் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். நெல்லாகக் கொடுத்த காலத்தில் விளையாத ஆண்டின் சுமை அரசின் தலையிலும் விழுந்தது. பணமாகக் கொடுக்கத் தொடங்கிய பின் அச்சுமை பெரும்பாலும் குடியானவன் தலைக்கே மாறியது. தீர்வைக்குத் தவணை உண்டு. மழைக்குத் தவணை இல்லை. அறுவடைக் காலத்தில் விலை இறங்கியிருக்கும்போதே நெல்லை விற்றுத் தீர்வை கட்டவேண்டும். முடியாதவன் வட்டிக்கு வாங்கவேண்டும். களத்தில் நின்ற கங்காணி போனான். கடைத்தெருவில் இருந்த வட்டிக்கடைக்காரர் வந்தார். பட்டாவே இல்லாத பண்ணையாளுக்கோ இரண்டு முறைகளும் ஒன்றே. ஆயினும் தன் விளைச்சலைத் தானே கையாளும் உரிமை சிறிதன்று. இந்தக் கணக்கில் வரவே மிகுதி என்பது என் முடிவு.

நிலத்தின் கணக்கு

இந்நாட்டு நிலத்தில் பெரும்பகுதி இனாம் நிலமாக இருந்தது. கோயிலுக்கும் அந்தணருக்கும் விடப்பட்டவை ஒருபுறம். தொண்டைமானின் படையில் வாள் பிடித்தவர்களுக்கு விடப்பட்ட அமரம் மானியங்களும், அரண்மனைக்கும் கோயிலுக்கும் பலவகைப் பணிகள் செய்தவர்களுக்கு விடப்பட்ட ஊழிய மானியங்களும் மறுபுறம். போரே இல்லாத காலத்தில் படைவீரனுக்குப் பணி ஏது? நிலம் மட்டும் கைமாறியும் துண்டாகியும் வழக்கில் சிக்கியும் கிடந்தது.

1888இல் நடந்த இனாம் செட்டில்மெண்ட் இவற்றையெல்லாம் ஆராய்ந்தது. இனித் தேவையில்லாத பணிகளுக்கு உரிய மானியங்களைப் பணியிலிருந்து விடுவித்து, சிறு தீர்வைக்கு உட்படுத்தி, வைத்திருப்பவருக்கே உரிமையாக்கியது. ஒரு காலத்தில் திருச்சிராப்பள்ளிக் களங்களில் ஆங்கிலேயருக்காகப் போரிட்ட வீரர்களின் பேரர்கள், இப்படித்தான் சாதாரணப் பட்டாதாரர்களாக மாறினார்கள். வாளின் காலம் முடிந்து கணக்கின் காலம் வந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி நம் வரலாற்றில் வேறில்லை எனலாம்.

நீரும் நகரும்

புதுக்கோட்டை நகரின் நேரான அகன்ற வீதிகளைச் சாஸ்திரியாரே அமைத்தார் என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். அது முழுவதும் சரியன்று. 1812ஆம் ஆண்டு தீ விபத்தில் ஊர் அழிந்த பிறகு, அன்றைய ரெசிடெண்ட் பிளாக்பர்ன் துரையின் ஆலோசனைப்படி வீதிகள் நேராகப் போடப்பட்டன. அந்தக் கட்டத்துக்குள் ஒரு நகரத்தின் உயிரை ஊட்டியது சாஸ்திரியார் செய்த பணி. சாந்தநாத சுவாமி கோயிலை ஒட்டிய பல்லவன் குளத்தைச் செப்பனிட்டார். புதுக்குளத்தைத் திருத்தி நகருக்கு நல்ல நீர் கிடைக்கச் செய்தார். 1884இல் அஞ்சல் தந்தி அலுவலகம் எழுந்தது. மருத்துவமனையும் அரசு அலுவலகங்களும் வளர்ந்தன. ஆங்கிலப் பள்ளியாக இருந்த ஒன்று கல்லூரியாக உயர்ந்ததும் அவர் காலத்தில்தான். இன்று மன்னர் கல்லூரியில் பயிலும் நம் ஒவ்வொருவருக்கும் அவரிடம் ஒரு சிறு கடன் இருக்கிறது.

இது ஆறுகளை நம்பிய நாடன்று. வெள்ளாறும் அக்கினியாறும் பாம்பாறும் மழை பெய்தால் ஓடுவன; மழை நின்றால் மணலாவன. கண்மாயும் ஏந்தலும் ஊரணியும்தான் இங்கு வாழ்வு. சிறியதும் பெரியதுமாக ஆயிரக்கணக்கான நீர்நிலைகள் இச்சமஸ்தானத்தில் இருந்தன. கவிநாடு கண்மாய் போன்றவை கடல்போல் விரிந்தவை. வரத்துவாரி தூர்ந்து மடை பழுதானால், எத்தகைய தீர்வை விதித்தும் பயனில்லை என்பதை வருவாய்த்துறையில் தேய்ந்த சாஸ்திரியார் நன்கு அறிந்திருந்தார். 1891இல் மக்கள்தொகை 3,73,096ஆக உயர்ந்தது. மழையின் பங்கு அதில் பெரிதுதான். நல்லாட்சியின் பங்கும் இல்லாமல் இல்லை.

காசும் உப்பும்

1886இல் இராமச்சந்திரத் தொண்டைமான் காலமானார். அவர் தம் மகள்வயிற்றுப் பேரனான மார்த்தாண்ட பைரவரைச் சுவீகாரம் செய்திருந்தார். இளவரசருக்கு வயது பத்தே என்பதால், சாஸ்திரியார் திவான் ரீஜண்டாக ஆட்சி முழுவதையும் தாமே தாங்கினார். அக்காலத்து நிகழ்ச்சிகள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஆங்கில ஆதிக்கம் என்றால் என்ன என்பது எனக்கு நன்கு விளங்குகிறது.

ஒன்று அம்மன் காசு. பிரகதாம்பாளின் திருவுருவம் பொறித்த சிறு செப்புக்காசு அது. இருபது காசு கொண்டது ஓர் அணா. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து வழங்கப்பட்ட அக்காசை ஆங்கில அரசு அனுமதித்தது. தனிக் காசு வைத்திருக்கும் நாடு என்ற பெருமை நமக்குக் கிடைத்தது. 1889இல் அக்காசு அச்சிடப்பட்ட இடமோ இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம்! கோகர்ணத்து அம்மன் கடல் கடந்துபோய்த் திரும்பிவந்தாள்.

இரண்டாவது உப்பு. நம் பகுதியில் உவர்மண் நிலங்கள் பல. அம்மண்ணைச் சுரண்டி, நீர் ஊற்றி வடித்து, அந்நீரைக் காய்ச்சி உப்பெடுப்பதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் உப்பிலியர். ஏழையின் அடுப்புக்குக் குறைந்த விலையில் உப்பு கிடைத்தது. ஆனால் சுற்றியிருந்த ஆங்கில மாவட்டங்களில் உப்பு அரசின் தனியுரிமை, அதன்மேல் வரி. வரியில்லாத உப்பு எல்லை கடந்து வந்தால் அவ்வருவாய் குன்றும். ஆகவே 1887இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி இச்சமஸ்தானத்தில் உவர்மண் உப்புத் தொழில் நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக ஆங்கில அரசு ஆண்டுதோறும் 38,000 ரூபாய் தர்பாருக்குச் செலுத்த ஒப்புக்கொண்டது.

தர்பாரின் கணக்கில் இது நல்ல வரவு. 1881ஆம் ஆண்டின் மக்கள்தொகைக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டு அணா, அதாவது நாற்பது அம்மன் காசு. ஆனால் அத்தொகை வந்து சேர்ந்தது அரசின் பொக்கிஷத்துக்கு. தொழில் போனது உப்பிலியருக்கு. மறு ஆண்டே, 1888இல், உப்பு வரி மணங்குக்கு இரண்டு ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. காலடியில் கிடந்த மண்ணில் உப்பெடுத்தால் குற்றம் என்று ஆனபின், வரி சேர்ந்த கடலுப்பையே எல்லோரும் வாங்கவேண்டியதாயிற்று.

உலக வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த மேற்கிந்தியத் தீவுகளில் ஆங்கிலேயர் 1834இல் அடிமை முறையை ஒழித்தபோது, 2 கோடி பவுன் நட்ட ஈடாக ஒதுக்கினர். அது முழுவதும் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கே போயிற்று. தலைமுறை தலைமுறையாக உழைத்த அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. பின்னர் அத்தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களில் நம் தமிழ் மக்களும் இருந்தனர். அக்கொடுமையின் அளவு வேறு, நம் உப்பின் அளவு வேறு. இரண்டையும் சமமென்று நான் கூறவில்லை. ஆனால் இழப்பு ஒருவருக்கும் ஈடு வேறொருவருக்கும் என்னும் கணக்கு முறை இரண்டிலும் ஒன்றே. உரிமை என்றால் அது அரசுக்கோ முதலாளிக்கோ உரியது என்று அன்றைய ஆட்சி முறை கண்டது. கையால் உழைத்தவனின் தொழிலும் ஓர் உரிமைதான் என்று அது காணவில்லை.

சாஸ்திரியார் அந்த ஒப்பந்தத்தை மறுத்திருக்க முடியுமா? இளவரசர் சிறுவர், ரீஜண்டின் அதிகாரமோ சென்னை அரசின் நம்பிக்கையில் நின்றது. மறுப்பது எளிதன்று என்பதை நான் உணர்கிறேன். நெல்லின் கணக்கில் உழவன் பக்கம் நின்று முடிவெடுக்க அவரால் முடிந்தது. ஏனென்றால் அதில் ஆங்கில அரசுக்கு நட்டமில்லை. உப்பின் கணக்கில் அது முடியவில்லை. ஏனென்றால் அதில் அவர்களுக்கு நட்டமிருந்தது. மிகச் சிறந்த ஒரு நிர்வாகியின் கைக்கும் எல்லை எங்கே வரையப்பட்டிருந்தது என்பதை இவ்விரண்டு கணக்குகளும் காட்டிவிடுகின்றன. கப்பம் கட்டாத நாட்டின் சுதந்திரம் அந்த எல்லைவரைதான் இருந்தது.

இறுதிக் காலம்

1894ஆம் ஆண்டு நவம்பரில் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் முழு அதிகாரத்துடன் ஆட்சி ஏற்றார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் கடன்பட்டுக் கிடந்த நாட்டைச் சீரான நிலையில் அவரிடம் ஒப்படைத்துவிட்டு, சாஸ்திரியார் ஓய்வு பெற்றார். ஆங்கில அரசு சர் பட்டம் அளித்து அவரைச் சிறப்பித்தது. கும்பகோணத்தில் வாழ்ந்து, 1903ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் தம் எழுபத்தைந்தாம் வயதில் காலமானார். அவருக்குப் பின் 27 ஆண்டுகள் கழித்து, நம் அண்டைத் தஞ்சைக் கடற்கரையான வேதாரணியத்தில் இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் உப்பை அள்ளினார்கள். அந்த ஒரு பிடி உப்பில் உப்பிலியர் இழந்த தொழிலின் நியாயமும் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். 1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14 முதல் புதுக்கோட்டை தனி மாவட்டமாக விளங்குகிறது.

சாஸ்திரியாரின் கணக்கைக் கூட்டிப் பார்க்கிறேன். களத்தில் காத்துக்கிடந்த உழவனை விடுவித்தார்; சிக்கலாகக் கிடந்த நிலத்துக்கு உரிமை வகுத்தார்; நகருக்கு நீரும் நமக்குக் கல்வியும் தந்தார். இவை வரவு. எழுத்தறியாத ஒரு சிறு குலத்தாரின் அடுப்பு அணைந்தது செலவு. வரவு பெரிது என்பதற்காகச் செலவை எழுதாமல் விடும் கணக்கு நேர்மையான கணக்காகாது. வரவை எழுதிவைக்கத் தர்பாரில் ஆட்கள் இருந்தார்கள். அந்தச் செலவை எழுதிவைக்க யாரும் இல்லை. அதை எழுதும் பொறுப்பு, அவர் காலத்தில் வளர்ந்த இக்கல்லூரியில் படிக்கும் நமக்கு உண்டு. என் போல் கிராமங்களிலிருந்து வரும் மாணவ நண்பர்கள், விடுமுறையில் ஊர் செல்லும்போது, தங்கள் ஊர்க் கண்மாயின் பெயர் என்ன, எந்த நிலம் எந்த மானியமாக இருந்தது, உவர்மண் எடுத்தவர்களின் வழிவந்தோர் இன்று என்ன தொழில் செய்கிறார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருவார்களானால், நம் மாவட்டத்தின் வரலாறு முழுமை பெறும்.